டாக்டர் ஹூவில் யாருக்குக் காதல் கிடைத்தது?

கேள்வி இது: பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடர்களில் கறுப்பு–வெள்ளை ஜோடிகள் சர்வசாதாரணமாக வந்துபோகிறார்கள். இது ஆரம்பத்திலிருந்தே இருந்ததா, சமீபத்திய பழக்கமா? எதைப் பார்த்தால் விளங்கும்?

முகங்கள் ரொம்பக் காலமாகவே இருந்தன, காதல்தான் தாமதமாக வந்தது. கறுப்பின நடிகர் ஒருவருக்கு விண்வெளி உடை மாட்டிவிட 1966-லேயே பிபிசி தயாராக இருந்தது. அவர் வீட்டுக்குத் திரும்பினால் கதவைத் திறக்க ஒருவரை எழுதி வைக்கத்தான் பல வருஷம் ஆனது. கலப்புத் திருமணம் என்றாலே நமக்குச் சாதிதான் ஞாபகம் வரும். இங்கே நான் பேசுவது நிறத்தைப் பற்றி. கதைகளின் முடிவைச் சொல்லாமல் இதற்குப் பதில் எழுத முடியாது, பார்க்காதவர்கள் மன்னிக்கவும்.

முதலில் சட்டம். நிறம் கலந்த திருமணத்துக்குப் பிரிட்டனில் தடைச் சட்டம் எதுவும் இருந்ததில்லை. தென்னாப்பிரிக்காவில் 1949 முதல் 1985 வரை இருந்தது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் இருந்த தடையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1967-ல்தான் நீக்கியது. ஆகவே லண்டனில் எழுதியவர்களின் கையைக் கட்டியது சட்டம் இல்லை, தயக்கம். அந்தத் தயக்கமும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. 1959 பிப்ரவரி 1-ம் தேதி 'ஆர்ம்சேர் தியேட்டர்' வரிசையில் 'ஹாட் சம்மர் நைட்' என்ற நாடகம் ஒளிபரப்பானது. தொழிற்சங்கத் தலைவர் ஒருவரின் மகள் ஜமைக்காக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறாள். ஊருக்கெல்லாம் சமத்துவம் பேசும் அப்பா வீட்டுக்குள் என்ன செய்வார் என்பதுதான் கதை. அப்போது அந்த வரிசைக்குப் பொறுப்பாக இருந்தவர் கனடாக்காரரான சிட்னி நியூமன். அவரே பிபிசிக்குப் போய் 1963-ல் டாக்டர் ஹூவைத் தொடங்கிவைத்தார்: டார்டிஸ் என்ற நீலப் பெட்டியில் காலம் தாண்டிப் பயணிக்கும், அவ்வப்போது உருவமே மாறிவிடும் 'டாக்டர்' என்ற வேற்றுலகவாசியின் கதை. தயாரிப்பை வெரிட்டி லாம்பர்ட் என்ற இளம்பெண்ணிடம் கொடுத்தார். முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசேன். அமெரிக்கத் தொடரான ஸ்டார் டிரெக்கில் புகழ்பெற்ற கறுப்பு–வெள்ளை முத்தம் 1968-ல்தான் வந்தது.

இதைக் கேட்டு ஏமாந்துவிட வேண்டாம். வெள்ளையர்கள் முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு ஆடிப்பாடிய 'பிளாக் அண்ட் ஒயிட் மின்ஸ்ட்ரல் ஷோ'வையும் இதே பிபிசிதான் 1958-லிருந்து 1978 வரை நடத்தியது. டாக்டர் ஹூவின் ஆரம்பக் கதைகளிலும் அந்த ஒப்பனைப் பெட்டி திறந்தேதான் கிடந்தது. 1965-ல் வந்த 'தி குருசேட்' கதையில் சலாதீனாக வருபவர் பழுப்பு ஒப்பனை போட்ட பெர்னார்ட் கே. நன்றாக எழுதிய பாத்திரம், மரியாதையான பாத்திரம், முகம் மட்டும் வேறொருவருடையது. 1977-ல் 'தி டேலன்ஸ் ஆஃப் வெங்-சியாங்' வந்தபோதும் முக்கியச் சீனப் பாத்திரத்துக்குக் கண்ணிமையை ஒட்டி நடித்தவர் ஜான் பென்னட் என்ற வெள்ளையர்தான். எழுத்துக்காக ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் கதை அது. கனடாவில் சீன வம்சாவளியினர் எதிர்த்ததால் ஒன்டாரியோ தொலைக்காட்சி அதை ஒளிபரப்பவில்லை.

நடுவே 1966 அக்டோபரில் 'தி டென்த் பிளானட்'. பெர்முடாவில் பிறந்த ஏர்ல் கேமரன் விண்கலத்தின் விண்வெளி வீரர் வில்லியம்ஸாக வருகிறார். அவர் நிறத்தைப் பற்றி வசனத்தில் ஒரு வார்த்தை கிடையாது. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். அவருடைய கலம் வெடித்துச் சிதறுவதும் அதே கதையில்தான். அடுத்த வருஷம் 'டூம் ஆஃப் தி சைபர்மென்' கதையில் ராய் ஸ்டூவர்ட் நடித்த டோபர்மன் வருகிறான்: பேச்சு அதிகம் இல்லாத, எஜமானிக்காகக் கதவை நெம்பும் முரட்டு வேலைக்காரன். மனிதர்களை இயந்திரமாக மாற்றும் எதிரிகளான சைபர்மேன்கள் அவனைப் பாதி இயந்திரமாக்குகிறார்கள்; கடைசியில் கல்லறைக் கதவை மூட உயிரைக் கொடுக்கிறான். இவனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஐம்பது வருஷம் கழித்துத் திரும்ப வருவான்.

காதலை முதலில் தொட்டது டாக்டர் ஹூ இல்லை, ஜெர்ரி ஆண்டர்சனின் 'யூஎஃப்ஓ'. 1970-ல் ஒளிபரப்பாகி, 1980-ல் நடப்பதாகச் சொன்ன தொடர். 'கம்ப்யூட்டர் அஃபேர்' எபிசோடில் நிலவுத்தளத் தளபதி கே எல்லிஸ் கொடுத்த ஓர் உத்தரவில் விமானி ஒருவர் இறந்துபோகிறார். உளவியல் சோதனை வைத்து, கணினியில் போட்டுப் பார்க்கிறார்கள். எல்லிஸுக்குச் சக விமானி மார்க் பிராட்லி மேல் ஈர்ப்பு இருக்கிறது, அதனால்தான் தன்னையறியாமல் அவரைப் பாதுகாத்தார் என்று முடிவு வருகிறது. எல்லிஸ் வெள்ளைக்காரர். பிராட்லியாக நடித்த ஹாரி பெயர்ட் கயானாவில் பிறந்தவர். கடைசியில் இருவரும் சேர்ந்து உணவகத்தில் சாப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். அதன்பின் அந்த உறவைத் தொடர் எடுக்கவே இல்லை. 'சர்வைவல்' எபிசோடில் பிராட்லிக்குத் தளபதி பதவி கொடுக்கிறார்கள், அவர் தன் நிறத்தைச் சுட்டித் தயங்குகிறார். இனவெறியெல்லாம் ஐந்து வருஷத்துக்கு முன்பே எரிந்து முடிந்துவிட்டது என்கிறார் மேலதிகாரி ஸ்ட்ரேக்கர். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று பிராட்லி திருப்பிக் கேட்கிறார். என் கணக்கில் அந்தப் பத்தாண்டின் அறிவியல் புனைவில் இதைவிடக் கூர்மையான வசனம் கிடையாது. சில எபிசோட்களுக்குப் பிறகு பிராட்லியையே காணோம்.

1980 ஜனவரியில் 'பிளேக்ஸ் 7' தொடரின் மூன்றாவது சீசன் தொடங்குகிறது. கடற்கரையில் வெள்ளைக்காரனான ஏவனைக் காப்பாற்றும் கறுப்பினப் பெண் டேய்னா அவனை முத்தமிடுகிறாள். எதற்கு என்றால், ஆர்வத்தில்தான் என்கிறாள். டேய்னாவாக நடித்த ஜோசெட் சைமனுக்கு அது பெரிய வேடம். முத்தத்தை ஆரம்பித்துவைப்பது அவள், ஒரே வார்த்தையில் விளக்கத்தை முடிப்பதும் அவள். அவளுடைய அப்பாவாக வரும் சை கிராண்ட், 1967-ல் 'கேப்டன் ஸ்கார்லெட்' பொம்மைத் தொடரில் லெப்டினன்ட் கிரீனுக்குக் குரல் கொடுத்தவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் பறந்து ஜெர்மானியரிடம் கைதியாக இருந்தவரும்கூட. இந்த முத்தமும் ஒற்றை எபிசோடோடு சரி.

1988 பிப்ரவரியில் வந்த 'ரெட் டுவார்ஃப்' இந்த விஷயத்தில் யாரும் உரிய அளவுக்குப் பாராட்டாத தொடர். மனித இனத்தில் மிஞ்சியிருப்பது ஒரே ஆள், லிவர்பூல்காரன் லிஸ்டர். நடித்த கிரெய்க் சார்ல்ஸின் அப்பா கயானாக்காரர், அம்மா ஐரிஷ்காரர். அவன் உருகி உருகிக் காதலிக்கும் கொச்சான்ஸ்கி வெள்ளைக்காரி. 1997-ல் வந்த ஓர் எபிசோடில், காலச் சுழலால் லிஸ்டர் தனக்கே அப்பா, கொச்சான்ஸ்கிதான் அவனுடைய அம்மா என்று தெரியவருகிறது. அபத்தம்தான், சிரிக்கத்தான் எழுதினார்கள். ஆனாலும் மிஞ்சிய மனிதனும், அவன் காதலும், அவன் பிள்ளையும் கலப்புக் குடும்பம் என்பதை ஒரு வசனத்தில்கூடப் பிரச்சினையாக்காத துணிச்சல் அதில் இருக்கிறது.

அதே 1988-ல் டாக்டர் ஹூ நேர் எதிர் வழியில் போனது. 'ரிமெம்பரன்ஸ் ஆஃப் தி டாலெக்ஸ்' 1963 லண்டனில் நடக்கிறது. டாக்டரோடு பயணம் செய்யும் தோழி (கம்பானியன்) ஏஸ் தங்கும் வீட்டின் சன்னலில் ஓர் அட்டை: கறுப்பர்களுக்கு இடமில்லை. அந்த வீட்டுக்காரியின் மகன் மைக் மீதுதான் அவளுக்கு மையல். அவனோ ஒரு பாசிசக் கும்பலோடு சேர்ந்தவன். அந்த அட்டை மிகைப்படுத்தல் இல்லை. வாடகை வீட்டில் நிறம் பார்ப்பதைத் தடுத்தது 1968-ம் வருஷத்து இனஉறவுச் சட்டம். 1963-ல் அந்த அட்டையைச் சட்டப்படியே மாட்டி வைக்கலாம். இதே கதையில் தேநீர்க்கடைக் காட்சி ஒன்று உண்டு. கடைக்காரர் ஜானிடம் டாக்டர் சர்க்கரை போடலாமா என்று யோசிக்கிறார். யாரும் சர்க்கரையே கேட்காமல் இருந்திருந்தால் என் கொள்ளுத்தாத்தாவைப் பிடித்துப்போய் அடிமையாக விற்றிருக்க மாட்டார்கள் என்கிற அர்த்தத்தில் ஜான் பேசுகிறார். ஒரு கரண்டிச் சர்க்கரையில் முந்நூறு வருஷ வியாபாரத்தைக் கரைத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் 'பேட்டில்ஃபீல்ட்' கதையில் ராணுவப் பிரிகேடியர் பாம்பெரா வருகிறார். கறுப்பினப் பெண் அதிகாரி. வேற்றுலகத்து வெள்ளை வீரன் ஆன்செலினோடு அடிதடியில் தொடங்கி மோகத்தில் முடிகிறார். 1989-ல் இது எவ்வளவு இலகுவாக நடக்கிறது என்று பாருங்கள். அந்த வருஷக் கடைசியில் தொடரே நின்றுபோனது.

2005-ல் திரும்ப வந்ததும்தான் உங்கள் கேள்வியின் மையம். ரோஸ் டைலர் வெள்ளைக்காரப் பெண், காதலன் மிக்கி ஸ்மித் கறுப்பினப் பையன். தெற்கு லண்டன் அடுக்குமாடியில் இது சாதாரணம் என்பதுபோலத் தொடங்குகிறது, அது சரிதான். ஆனால் கதை அவனை என்ன செய்கிறது? முதல் எபிசோடிலேயே குப்பைத்தொட்டி அவனை விழுங்குகிறது. டாக்டர் அவனை முட்டாள் என்கிறார், பெயரை ரிக்கி என்று மாற்றிக் கூப்பிடுகிறார். ரோஸ் அவனை விட்டுவிட்டு நீலப் பெட்டிக்குள் ஓடுகிறாள். சில எபிசோட் தள்ளி அவள் திரும்புகிறாள். பன்னிரண்டு மணிநேரம் என்று நினைத்தது பன்னிரண்டு மாதம் ஆகியிருக்கிறது. காணாமல் போன வெள்ளைக்காரப் பெண்ணின் கறுப்பினக் காதலனைப் போலீஸ் விடுமா? ஐந்து தடவை விசாரணைக்கு இழுத்துப் போகிறார்கள். கொலைகாரன் என்று அவள் அம்மாவே சந்தேகப்படுகிறார். தனி எபிசோடே எழுதக்கூடிய இந்த விஷயத்தை மிக்கி சில வரியில் சொல்லி முடிக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வேற்றுக்கிரகப் பன்றி காத்திருக்கிறது. பிழை நடிகர் தேர்வில் இல்லை. பாத்திரத்துக்குக் கறுப்பு முகம் கொடுத்தபின், அந்த முகத்துக்கு அந்த ஊரில் என்ன நடக்கும் என்று எழுதியவரே தொட்டுவிட்டு, பிறகு விட்டுவிட்டார்.

2007-ல் மார்த்தா ஜோன்ஸ், முழு சீசனுக்கும் வந்த முதல் கறுப்பினக் கம்பானியன். மருத்துவ மாணவி, கெட்டிக்காரி. அவளுக்குக் கிடைத்த காதல்கதை, திரும்பக் கிடைக்காத காதல். 1599 லண்டனில் இறங்கியதும் என்னை அடிமையாகப் பிடித்துப்போக மாட்டார்களா என்று கேட்கிறாள். இந்த இடமே உனக்குச் சொந்தம்போல நட, எனக்கு அது பலிக்கிறது என்கிறார் டாக்டர். பலிக்கத்தான் செய்யும், அப்போது டாக்டராக நடித்த வெள்ளைக்காரர் டேவிட் டெனன்ட்டின் முகத்துக்கு!

ஆனால் அதே சீசனில் 'ஹியூமன் நேச்சர்', 'தி ஃபேமிலி ஆஃப் பிளட்' என்ற இரட்டை எபிசோடில் இந்த முரணைக் கண்திறந்தே எழுதினார்கள். 1913. டாக்டர் தன் நினைவை மறைத்துக்கொண்டு ஒரு பள்ளியில் ஆசிரியராக ஒளிந்திருக்கிறார். மார்த்தாவுக்கு வேலைக்காரி வேடம், தரையைத் தேய்க்கிறாள். உன் கை இருக்கிற நிறத்தில் அழுக்கு போனது எப்படித் தெரியும் என்று ஒரு மாணவன் கேட்கிறான். டாக்டர் காதலிப்பது பள்ளியின் வெள்ளைக்காரச் செவிலி ஜோனை. ஜோன் கெட்டவள் இல்லை, பார்க்கிற நமக்கே அவளைப் பிடிக்கிறது. அவள்தான் மார்த்தாவிடம், பெண்கள் மருத்துவராகலாம், ஆனால் வேலைக்காரியோ உன் நிறத்துக்காரியோ ஆக முடியாது என்கிறாள். மார்த்தா தன் கையைத் தூக்கிக் காட்டி மணிக்கட்டு எலும்புகள் எட்டையும் வரிசையாகச் சொல்கிறாள், பிறகு உள்ளங்கை, பிறகு விரல்கள். இது ஏதோ புத்தகத்தில் படித்தது என்கிறாள் ஜோன். ஆமாம், பரீட்சை பாஸ் பண்ணப் படித்தது என்கிறாள் மார்த்தா. அழுக்கு தெரியுமா என்று கேட்ட அதே கை. எழுத்தில் இதற்குமேல் சிக்கனம் கிடையாது.

அதற்குப் பின் கோட்டை விட்டார்கள். மார்த்தாவுக்கு டாம் மில்லிகன் என்ற வெள்ளைக்கார மருத்துவரோடு நிச்சயம் ஆகிறது. 2010 புத்தாண்டு எபிசோடில் பார்த்தால் அவள் மிக்கியைக் கல்யாணம் செய்திருக்கிறாள். ஒரு முடிவுக் காட்சியில் இருவரும் ஒன்றாக நடந்து போனதைத் தவிர முன்கதை எதுவும் இல்லை. இருக்கும் இரண்டு கறுப்பினத்தவரையும் சேர்த்து வைத்துவிட்டார்கள் என்று ரசிகர்கள் எரிச்சல்பட்டதில் நியாயம் இருக்கிறது. அதே எபிசோடில் இன்னொரு கம்பானியனான வெள்ளைக்காரி டோனா நோபிள் கறுப்பினத்தவரான ஷான் டெம்பிளை மணக்கிறாள். அது 2023-ல் மகளோடு வாழும் நல்ல குடும்பமாகத் திரும்பி வந்தது. டோனாவின் முந்தைய மாப்பிள்ளை லான்ஸ், காபியில் துகள் கலந்துகொடுத்துக் காட்டிக்கொடுத்தவன், அவனும் கறுப்பினத்தவன்தான்.

இப்போது டோபர்மனுக்கு வருவோம். 2014-ல் கம்பானியன் கிளாராவின் காதலன் டேனி பிங்க், கறுப்பினக் கணக்கு வாத்தியார். முன்னாள் சிப்பாய் என்பதால் டாக்டர் அவனைக் கணக்கு வாத்தியார் என்று நம்பவே மறுத்து, விளையாட்டு வாத்தியார் என்றே கூப்பிடுகிறார். கதைப்படி அது சிப்பாய்கள்மேல் உள்ள வெறுப்பு. பார்ப்பவர் கண்ணுக்கு அது அப்படி மட்டும் தெரியாது என்பதை எழுதியவர்கள் யோசிக்கவில்லை. டேனி செத்துச் சைபர்மேனாகி, உலகைக் காப்பாற்ற வெடித்துப் போகிறான். 2017-ல் கம்பானியன் பில் பாட்ஸ், கறுப்பினத் தன்பாலீர்ப்புப் பெண். நெஞ்சில் துளை விழுந்து, அவளும் சைபர்மேனாகிறாள். ஆக டோபர்மன், டேனி, பில் என மூவர். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் கதைக் காரணம் உண்டு. வரிசையாக வைத்தால்தான் பழக்கம் தெரியும். பில்லுக்கு மட்டும் ஒரு நிவாரணம்: அவள் காதலித்த ஹெதர் வந்து கூட்டிக்கொண்டு போகிறாள்.

2018-ல் வேறு மாதிரி முயன்றார்கள். டாக்டரே இப்போது பெண். ஓய்வுபெற்ற வெள்ளைக்கார பஸ் டிரைவர் கிரஹாம், அவர் மனைவி கிரேஸ் என்ற கறுப்பினச் செவிலி, கிரேஸின் பேரன் ரயன். வயதான கலப்புத் தம்பதி என்பதே அபூர்வம், அதனால்தான் முதல் எபிசோடிலேயே கிரேஸைக் கொன்றது கசக்கிறது. ஆனால் மூன்றாவது எபிசோடான 'ரோசா' அந்த இழப்பைப் பயன்படுத்திக்கொள்கிறது. மலோரி பிளாக்மன் இணைந்து எழுதியது. அமெரிக்காவின் மான்ட்கமரி, 1955 டிசம்பர் 1. வரலாறு மாறாமல் இருக்க வேண்டுமானால் பஸ்ஸில் வெள்ளையர் இருக்கைகள் நிரம்ப வேண்டும். அப்போதுதான் கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸை டிரைவர் எழுந்திருக்கச் சொல்வார், அவர் மறுப்பார். ஓர் ஆள் குறைகிறது. கிரஹாம் இறங்கப் பார்க்கிறார், டாக்டர் உட்காரச் சொல்கிறார். கறுப்பின மனைவியைப் புதைத்துவிட்டு வந்த மனிதர், அவருடைய பேரன் பார்த்துக்கொண்டிருக்க, வெள்ளைக்காரராக அந்த இருக்கையை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஷெஃபீல்டிலிருந்து வந்த, பாகிஸ்தானிய வம்சாவளிக் கம்பானியன் யாஸை அந்த ஊரில் மெக்சிகோக்காரி என்கிறார்கள்; அவளுக்குப் பஸ்ஸில் எங்கே உட்காருவதென்றே புரிவதில்லை.

அதே சீசனில் வினய் பட்டேல் எழுதிய 'டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்' நிறத்தை விட்டு மதத்துக்குப் போகிறது. 1947 ஆகஸ்ட் 17. முஸ்லிம் பெண் உம்ப்ரீன், இந்துவான பிரேம், புதிதாகப் போட்ட எல்லைக் கோட்டில் கல்யாணம். அவனைக் கொல்ல ஆட்களைக் கூட்டி வருவது சொந்தத் தம்பி. உம்ப்ரீன் யாஸின் பாட்டி, ஆனால் பிரேம் அவள் தாத்தா இல்லை என்பது அவளுக்கு அங்கே போய்த்தான் தெரிகிறது. வேற்றுக்கிரகவாசிகள் இதில் கொலைகாரர்கள் இல்லை, சாவுக்குச் சாட்சியாக நிற்க வந்தவர்கள்.

இவ்வளவு கவனமாக எழுதிய அணியே 2020-ல் சறுக்கியது. சாச்சா தவான் நடித்த, டாக்டரின் பழைய எதிரி மாஸ்டர், நாஜிகள் பிடித்த பாரிஸில் ஒரு கருவியால் வெள்ளைக்காரனாகத் தெரிகிறான். டாக்டர் அந்தக் கருவியைச் செயலிழக்க வைத்து, பழுப்பு நிற மனிதனை நாஜிகளிடம் விட்டுவிட்டுப் போகிறார். வில்லன்தான், இருந்தாலும் தண்டனைக்கு நிறத்தை ஆயுதமாக எடுத்தது நாயகி. யாஸுக்கும் இதே டாக்டருக்கும் இடையே மலர்ந்த காதல் 2022-ல் வாயால் சொல்லப்பட்டு, டார்டிஸ் மேல் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுவதோடு முடிந்தது.

டாக்டர் ஹூவுக்கு வெளியே இரண்டைச் சொல்லியாக வேண்டும். 'மிஸ்ஃபிட்ஸ்' தொடரின் அலிஷா–சைமன் காதல், நிறத்தைப் பேசாமலே ஒரு காலச்சுழலை நிரப்பிய நல்ல எழுத்து. 2020-ல் பிபிசி எடுத்த 'நாட்ஸ் அண்ட் கிராசஸ்' இதன் மறுகோடி: ஆப்பிரிக்கா பிரிட்டனைக் காலனியாக்கிய மாற்று வரலாறு, ஆளும் கறுப்பினப் பெண் செஃபி, ஒடுக்கப்பட்ட வெள்ளைக்காரப் பையன் கேலம், தடைசெய்யப்பட்ட காதல். மூலநாவல் மலோரி பிளாக்மனுடையது.

எங்கிருந்து தொடங்குவது? ஒரே மாலையில் இரண்டு எபிசோட் பாருங்கள், ஒவ்வொன்றும் முக்கால் மணிநேரம்தான். 2017-ன் 'தின் ஐஸ்' லண்டனில் 1814-ல் நடக்கிறது. 2024-ன் 'ரோக்' பாத் நகரத்தில் 1813-ல். கதைக்குள் ஒரு வருஷ இடைவெளி. முதலாவதில் பில் கதவைத் தாண்டியதுமே அடிமைமுறை இன்னும் இருக்கிறதே என்று தயங்குகிறாள். நிதானமாகப் பேச வேண்டும் என்று அவளுக்குப் புத்தி சொன்ன டாக்டர், பிரபு அவளை அவமதித்ததும் ஓங்கி ஒரு குத்து விடுகிறார். இரண்டாவதில் ருவாண்டாவில் பிறந்த ஷூட்டி கட்வாதான் டாக்டர். வெள்ளைக்காரரான ரோகோடு நடனமாடுகிறார், முத்தமிடுகிறார். இரண்டு ஆண்கள் ஆடுவதற்குச் சபை அதிர்கிறது, நிறத்துக்கு ஒருவரும் புருவம்கூட உயர்த்துவதில்லை. எனக்கு முதலாவது பிடிக்கும். ஆனால் ஒரு கறுப்பின நாயகனுக்கு ஒரு மாலையாவது வெறுமனே காதலிக்க இடம் கொடுத்த இரண்டாவதையும் குறைசொல்ல மனம் வரவில்லை.

அடுத்து 'ரோக்'குக்கு முந்தைய வாரத்தில் வந்த 'டாட் அண்ட் பபிள்', அதை இரண்டு தடவை. தலையைச் சுற்றி மிதக்கும் திரைக் குமிழிக்குள் வாழும் லிண்டி என்ற பணக்காரப் பெண்ணை டாக்டர் காப்பாற்ற முயல்கிறார். கடைசியில் அவளும் தோழர்களும் அவரோடு வர மறுத்து, தங்கள் தரத்தைக் காக்க வேண்டும் என்று சொல்லிச் சாவை நோக்கிப் படகில் போகிறார்கள். டாக்டர் சிரிக்கிறார், பிறகு கத்துகிறார். முதல் தடவை பார்க்கும்போது இந்த நிறவெறி திடீரென்று வந்ததுபோல இருக்கும். இரண்டாம் தடவை தொடக்கத்திலிருந்து லிண்டியின் விரலையும் முகத்தையும் மட்டும் கவனியுங்கள்: டாக்டர் திரையில் வந்ததும் எப்படித் துண்டிக்கிறாள், வெள்ளைக்காரக் கம்பானியன் ரூபி வந்ததும் எப்படிக் கேட்டுக்கொள்கிறாள், அந்த இருவரும் ஒரே அறையில் இருக்கிறார்கள் என்று தெரியும்போது அவள் முகம் என்ன ஆகிறது, குமிழியில் சுற்றும் நண்பர்களில் வெள்ளையல்லாத முகம் எத்தனை இருக்கிறது.